மனச்சோர்வு மருந்தும் ஆய்வுக்கூட எலிகளும்



ஈமான் உறுதியாக உள்ளவருக்கு மனச்சோர்வு வருமா? வந்தால் அதற்கு மாத்திரை உட்கொள்வது ஸப்ருக்கு மாறானதாகுமா? நம் வீடுகளில் இக்கேள்விகள் உரக்கக் கேட்கப்படுவதில்லை. சமையலறையிலும் திண்ணையிலும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றன. எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டு இவை நேருக்கு நேராக வந்து நின்றன.

நாங்கள் விருத்தாசலத்தை அடுத்த மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். எங்கள் மாமியின் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் வஃபாத்தானபின் மாமி இத்தா இருந்தார்கள். துக்கம் இயல்பானது என்றே நாங்கள் எல்லோரும் எண்ணினோம். ஆனால் இரண்டு மாதங்கள் கடந்தும் அவர்களுக்கு உறக்கம் திரும்பவில்லை. உணவில் நாட்டம் இல்லை. பேரப்பிள்ளைகள் மடியில் வந்து அமர்ந்தாலும் முகத்தில் அசைவு இல்லை. அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தன; காலில் பட்ட சிறு காயம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. “தொழுகையில் நிற்கிறேன், ஓதுகிறேன், ஆனால் உள்ளே ஒன்றும் இறங்கவில்லை” என்று ஒருநாள் சொன்னார்கள். அழுதுகொண்டு சொல்லவில்லை, பிறர் செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார்கள். அதுவே எங்களை அச்சுறுத்தியது.

மனநல மருத்துவர் நாளுக்கு ஒன்றாக எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம் என்றும் சொன்னார். பத்தாம் நாள் மாமி மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். “பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நோய் இல்லை, ஈமான்தான் குறைந்துவிட்டது” என்பது அவர்களின் முடிவு. பார்க்க வந்த பெரியத்தா ஒருவரும், “எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்துதானே இது? எலிக்கு என்ன கவலை, என்ன துக்கம்? அதை வைத்து மனுஷனின் கல்புக்கு எப்படி மருந்து கண்டுபிடிப்பார்கள்?” என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. மருந்தியலில் முதுகலை பயிலும் எங்கள் வீட்டுப் பெண், “பெரியத்தா கேட்டதற்கு விடை இருக்கிறது. மாமியின் பத்து நாளுக்கும் அதில் விடை இருக்கிறது” என்றாள். அவள் துணையோடு பல வாரங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். இதைப் படித்து யாரும் தாமாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

டெல்லியிலிருந்து தொடங்கும் வரலாறு

மனச்சோர்வை விலங்குகளிடம் ஆராயும் வரலாற்றின் தொடக்கத்தில் நம் நாட்டு வேர் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் சர்ப்பகந்தி. பீகாரில் அதற்குப் பைத்திய மருந்து என்ற பொருளிலேயே பெயர் வழங்கிவந்தது. யூனானி, ஆயுர்வேத மருத்துவர்கள் அதை நெடுங்காலம் பயன்படுத்தினர்.

ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நிறுவியவர்களில் ஒருவரும், 1921இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், நாட்டு மூலிகைகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார்கள். ஜெர்மனியில் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி, டெல்லி திப்பியா கல்லூரியில் அந்தப் பணியை ஏற்றார். 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருளுக்கு, அப்போது மறைந்துவிட்டிருந்த ஹகீம் அவர்களின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இதயத் துடிப்புச் சிக்கல்களைக் கண்டறிவதில் அது இன்றும் பயன்படுகின்றது. அதே 1931இல் சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள், இவ்வேர் மனப்பிறழ்வுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உதவுவதாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் இதன் பயனைப் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவன ஆய்வாளர்கள் இவ்வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற பொருளைப் பிரித்தனர்.

ரெசர்பின் தரப்பட்ட முயல்களும் எலிகளும் இமைகள் சரிந்து, முதுகு கூனி, ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்தன. அவற்றின் மூளையில் செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்ற செய்தி கடத்தும் பொருள்கள் வற்றிப்போயிருந்தன. ரெசர்பின் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலரிடமும் சோர்வு காணப்பட்டதாக மருத்துவர்கள் எழுதினர். மனச்சோர்வுக்கான தொடக்கக்கால விலங்கு மாதிரி இவ்வாறு உருவாயிற்று.

அதே காலத்தில் காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியாசிட் என்ற மருந்து, அமெரிக்காவில் நோயாளிகளின் மனநிலையை வியக்கத்தக்க அளவில் உயர்த்தியது. அதை முன்னதாகவே கொடுத்துவிட்டால் ரெசர்பின் விலங்குகளை முடக்கவில்லை. 1957இல் சுவிஸ் மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தார். அதுவும் ரெசர்பின் விளைவுகளை எலிகளிடம் எதிர்த்து நின்றது. மனிதரிடம் தற்செயலாகக் கண்ட பலனுக்கு விலங்கின் மூளை விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தைப் பற்றிக்கொண்டு புதிய மருந்துகள் தேடப்பட்டன.

எலியிடம் எதை அளக்கிறார்கள்?

பெரியத்தா கேட்டது சரிதான். எலியிடம் “உனக்குக் கவலையா?” என்று கேட்க இயலாது. எனவே ஆய்வாளர்கள் அதன் கவலையை அளப்பதில்லை, நடத்தையை அளக்கிறார்கள்.

1967இல் செலிக்மனும் மையரும் நாய்களிடம் ஒன்றைக் கண்டனர். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு முன்னர் ஆளானவை, பின்னர் தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துவிட்டன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று அதற்குப் பெயர். 1977இல் போர்சால்ட் என்பவர் எளிய சோதனை ஒன்றை அமைத்தார். வெளியேற முடியாத நீர் நிறைந்த உருளையில் எலியை விடுவார்கள். முதலில் அது நீந்தி வழி தேடும். பிறகு தலையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். மறுநாள் மீண்டும் ஐந்து நிமிடம் விட்டு, எவ்வளவு நேரம் அசைவற்று இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். மனச்சோர்வு மருந்து தரப்பட்ட எலி கூடுதல் நேரம் முயன்றது.

இதைவிட நம் வாழ்வுக்கு நெருக்கமானது வேறொரு மாதிரி. எலிக்குப் பெரிய துன்பம் எதுவும் தருவதில்லை. ஒருநாள் கூண்டு சாய்க்கப்படும். ஒருநாள் படுக்கைத்தூள் நனைக்கப்படும். ஓரிரவு விளக்கு அணையாது. இப்படிச் சிறு தொல்லைகள் எதிர்பாராத ஒழுங்கில் வாரக்கணக்கில் தொடரும். இறுதியில் எலிக்கு முன் வெறும் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வைக்கப்படும். நலமான எலி இனிப்பை நாடும். சோர்ந்த எலிக்கு இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். 1980களில் பால் வில்னர் வளர்த்தெடுத்த இம்முறை, இன்பத்தின் மீதான நாட்டம் இழப்பதை அளக்கின்றது.

இதைப் படித்தபோது நாங்கள் மாமியைத்தான் நினைத்தோம். பேரப்பிள்ளையின் சிரிப்பும் வெறுஞ்சுவரும் ஒன்றுபோல் ஆகிவிட்ட அந்த நிலை, ஓர் எலியின் தண்ணீர்க் குப்பியிலும் அளக்கத் தக்கதாக இருந்தது. அது ஈமானின் அளவு அன்று. எலிக்கு ஈமானைக் கொண்டு சோதனை இல்லை. ஆயினும் அதன் மூளை இனிப்பை மறந்துவிடுகின்றது.

பத்து நாளுக்கும் நாற்பது நாளுக்கும் உள்ள வேறுபாடு

மாமி மாத்திரையை நிறுத்தியதற்கு நேரடியான விடை இங்கேதான் கிடைத்தது. எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்து, மூளை நரம்புகளின் இடைவெளியில் செரோட்டோனின் அளவைச் சில மணி நேரத்திலேயே உயர்த்துகின்றது. ஆனால் தொல்லைகளால் சோர்ந்த எலி, மருந்து தொடங்கிய மறுநாள் இனிப்பை நாடுவதில்லை. மூன்று முதல் ஐந்து வாரங்கள் நாள்தோறும் கொடுத்த பிறகே அந்த நாட்டம் படிப்படியாகத் திரும்புகின்றது. மூளையில் மோப்பத்திற்குரிய பகுதி நீக்கப்பட்ட எலிகள் மற்றொரு மாதிரி. புதிய இடத்தில் விடப்பட்டால் அவை அமைதியின்றி ஓடித்திரியும். ஒருவேளை மருந்து அவற்றை மாற்றுவதில்லை. ஏறத்தாழ இரு வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் மாற்றுகின்றது.

இடைப்பட்ட நாட்களில் மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கின்றது என்பதே இன்றைய விளக்கம். மிகுந்துவிட்ட செரோட்டோனினுக்கு ஏற்ப அதன் ஏற்பிகள் மெல்ல மாறுகின்றன. நரம்புச் செல்களுக்கு ஊட்டம் தரும் புரதங்கள் கூடுகின்றன. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் தளர்ந்திருந்த இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் எலி மாதிரியில் எஸ்சிட்டலோப்ராமைத் தொடர்ந்து கொடுத்து, குன்றியிருந்த கற்றல் திறனும் ஹிப்போகாம்பஸ் செயல்பாடும் மீள்வதைக் கண்டிருக்கிறார்கள்.

“சூளையில் வைத்த மண் பாண்டம், தீ மூட்டிய உடனே பீங்கான் ஆகிவிடுமா மாமி? மாமு எத்தனை நாள் காத்திருப்பார்கள்?” என்று எங்கள் வீட்டுப் பெண் கேட்டாள். மாமி பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு மாத்திரை அட்டை அலமாரியிலிருந்து வெளியே வந்தது. மறுநாளே மருத்துவரிடம் தெரிவித்து, அவர் சொற்படி மீண்டும் தொடங்கினார்கள்.

துக்கம் உடலின் காவலைத் தொடுகிறது

மாமிக்கு அடிக்கடி வந்த காய்ச்சலும் ஆறாத காயமும் எங்களுக்கு வேறொரு கேள்வியை எழுப்பின. மனத்தின் சோர்வு உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்குமா?

1977இல் ஆஸ்திரேலியாவில் பார்ட்ராப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், வாழ்க்கைத் துணையை இழந்த 26 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட் செல்களின் செயல் வேகம், இழப்புக்குப் பின் ஆறாவது வாரத்தில் தெளிவாகக் குன்றியிருந்தது. 1995இல் அமெரிக்காவில், மறதிநோய் கொண்ட உறவினரை நெடுங்காலம் பராமரித்துவந்த பெண்களுக்குச் சிறிய காயம் ஆற ஏறத்தாழ 49 நாட்கள் ஆயின. அத்தகைய சுமை இல்லாதவர்களுக்கு 39 நாட்களில் ஆறியது. நான்கு மாதம் பத்து நாள் என்ற இத்தாக் காலத்தில் ஒரு பெண்ணைச் சூழ்ந்திருந்து, உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்வது எவ்வளவு பெரிய உதவி என்பதை இந்த எண்கள் எங்களுக்கு உணர்த்தின.

விலங்குகளிடம் இதே தொடர்பு இன்னும் நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கின்றது. அயர்லாந்தின் கால்வேயில் பிரையன் லெனார்டும் சாய் சோங்கும், மோப்பப் பகுதி நீக்கப்பட்ட எலிகளின் நடத்தையோடு இரத்தத்தையும் பார்த்தனர். அமைதியின்மையோடு, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குறைந்திருந்தது. லிம்போசைட்டுகள் பெருகும் திறனும் குன்றியிருந்தது. மனச்சோர்வு மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தபோது, நடத்தை சீரானதோடு இந்த எதிர்ப்பாற்றல் மாற்றங்களில் பலவும் சீரடைந்தன.

மற்றொரு வழியிலும் ஆராய்ந்தனர். 1996இல் இஸ்ரேலில் யிர்மியா என்பவர், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த பொருளைச் சிறிதளவு எலிக்குச் செலுத்தினார். உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. எனினும் எலியின் எதிர்ப்பாற்றல் விழித்தெழுந்து, சைட்டோகைன் எனப்படும் அழற்சிச் செய்திப் பொருள்களை வெளியிட்டது. எலி உண்பதைக் குறைத்தது, துணையை நாடவில்லை, இனிப்பிலும் நாட்டம் இழந்தது. காய்ச்சல் வந்தால் நாமும் போர்வைக்குள் சுருண்டு யாரோடும் பேசாமல் கிடக்கிறோம் அல்லவா? உடல் தன் ஆற்றலை நோயோடு போராடச் சேமிக்கின்ற முறை அது. சில வாரங்கள் இமிப்ரமின் பெற்றிருந்த எலிகளிடம் இந்தச் சுருங்கல் குறைவாக இருந்தது.

சைட்டோகைன்களில் அழற்சியைத் தூண்டுவனவும் உண்டு, தணிப்பனவும் உண்டு. போலந்தில் மார்த்தா குபேராவின் குழு, மனித இரத்தத்தில் பல மனச்சோர்வு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தது. தூண்டும் பக்கத்தைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் காமாவுக்கும் தணிக்கும் பக்கத்தைச் சேர்ந்த இன்டர்லூகின் பத்துக்கும் உள்ள விகிதம் தணிப்பின் பக்கம் சாய்ந்தது. ஆகவே இம்மருந்துகள் எதிர்ப்பாற்றலைப் பொதுவாக ‘ஏற்றுகின்றன’ என்றோ ‘இறக்குகின்றன’ என்றோ சொல்வது பொருந்தாது. குன்றியிருந்ததைச் சில இடங்களில் உயர்த்துகின்றன. மிகுந்திருந்த அழற்சியைச் சில இடங்களில் தணிக்கின்றன.

மனிதரிடம் இதற்குத் தெளிவான சான்று 2001இல் வந்தது. தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா பெறும் நோயாளிகள் பலருக்குக் கடும் மனச்சோர்வு உண்டாவது அறியப்பட்டிருந்தது. மசல்மன் என்பவரும் உடன் மருத்துவர்களும், சிகிச்சைக்கு இரு வாரங்கள் முன்னரே பாதிப்பேருக்குப் பராக்சிட்டின் மாத்திரையும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். வெற்று மாத்திரை பெற்ற 20 பேரில் 9 பேருக்கு மனச்சோர்வு வந்தது. பராக்சிட்டின் பெற்ற 18 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. இவர்கள் யாரும் இன்டர்ஃபெரான் ஊசிக்கு முன் ஈமானிலோ மன உறுதியிலோ குறைந்துவிட்டவர்கள் அல்லர். இரத்தத்தில் ஒரு பொருள் கூடியது. உள்ளத்தில் இருள் வந்தது.

பல்கைச் சேர்ந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கி (இறப்பு கி.பி. 934) உடல், உள்ளம் இரண்டின் நலன் குறித்து எழுதிய நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வகை உடலிலிருந்து எழுவது. அதற்கு உடலுக்குரிய மருத்துவம் வேண்டும் என்பது அவர்களின் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு எழுதியவரின் ஈமானை யாரும் ஐயுறவில்லை.

எலியால் சொல்ல முடியாதவை

இவற்றைப் படித்து, எலியிடம் கண்டதெல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று நாங்கள் கொள்ளவில்லை. நீச்சல் சோதனையில் அசையாமல் மிதக்கும் எலி நம்பிக்கை இழந்துவிட்டதா, அல்லது வீணாகக் களைக்காமல் ஆற்றலைச் சேமிக்கிறதா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே வலுத்திருக்கின்றது. காஃபின் போன்ற ஊக்கப் பொருள்களும் எலியை நீந்த வைக்கும். அவை மனச்சோர்வு மருந்துகள் அல்ல. மனிதருக்கு வாரங்கள் தேவைப்படும் மருந்து, இச்சோதனையில் ஓரிரு நாளிலேயே வேலை செய்வதும் பொருந்தாத ஒன்று.

எதிர்ப்பாற்றல் குறித்தும் முடிவுகள் எல்லா மாதிரிகளிலும் ஒன்றுபோல் இல்லை. மருந்து, அளவு, விலங்கு, சோதனை ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடுகின்றன. மனிதரில் எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதும் இல்லை. 2013இல் வெளியான ஆய்வொன்றில், அழற்சியைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் கடும் மனச்சோர்வுள்ள 60 பேரிடம் சோதித்தனர். மொத்தத்தில் பயன் தெரியவில்லை. இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் பயனுக்கான அறிகுறி இருந்தது.

எனவேதான் விலங்குச் சோதனை முடிவல்ல, படிக்கட்டு மட்டுமே. மருந்தின் தீர்ப்பு மனிதரிடம் நடக்கும் ஆய்வுகளில் எழுதப்படுகின்றது. 2018இல் வெளியான தொகுப்பாய்வு, 1,16,477 பேர் பங்கேற்ற 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதில் இடம்பெற்ற 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பயன் தந்தன. பயன் பெரும்பாலும் மிதமானது. எல்லோருக்கும் ஒரே மருந்து ஒத்துவராது. பெரியத்தாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியென்றால் எலியோடு நின்றுவிடவில்லை” என்றார்கள். அவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

வாயில்லாப் பிராணியின் உரிமை

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வேறொரு கலக்கம் இருந்தது. தன் ஆய்வுக்காக எலிகளைத் தண்ணீரில் விட வேண்டிய நாள் வந்தபோது அவள் உறங்கவில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்ததையும், தாகத்தில் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விலங்குச் சோதனைகளுக்கு மேற்பார்வைக் குழு உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் ஆய்வு நடக்கும். எத்தனை விலங்கு, ஏன் இத்தனை, வேறு வழி இல்லையா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை தர வேண்டும். விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று நெறிகளை 1959இலேயே ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்தனர்.

அவள் தன் வழிகாட்டியிடம் பேசினாள். குறைந்த எண்ணிக்கையில் முடிவு கிடைக்குமாறு திட்டம் திருத்தப்பட்டது. நீச்சலுக்குப் பதிலாக இனிப்பு நாட்டச் சோதனை முதன்மையாக்கப்பட்டது. “தேவை இருக்கும் இடத்தில் அனுமதி இருக்கலாம், தேவையில்லாத ஒரு நிமிடத் துன்பத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்” என்றாள். மாமி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். அம்மாத்திரைக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று அறிந்தபின், அதை அலட்சியமாகத் தூக்கி வைப்பது தமக்குக் கூச்சமாக இருப்பதாகவும் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததும், நாம் செய்யத் தக்கதும்

நான்காம் வாரத்தில் மாமிக்கு இரவில் ஐந்து மணி நேரம் உறக்கம் வந்தது. ஆறாம் வாரத்தில் முருங்கைக்கீரை வேண்டும் என்று தாமே கேட்டார்கள். இடையே மருத்துவர் ஒருமுறை அளவைக் கூட்டினார். காலில் இருந்த காயமும் ஆறியது. அது மருந்தாலா, உணவாலா, உறக்கத்தாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. துக்கம் போய்விடவில்லை, மாமுவின் பெயரைச் சொன்னால் இப்போது அழுகிறார்கள். முன்பு அழக்கூட முடியாமல் இருந்தார்கள் என்பதால், அந்தக் கண்ணீரை நாங்கள் நிஃமத்தாகவே பார்க்கின்றோம். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின. அவர்களுடைய நபித்துவத்திற்கு அதனால் குறை எதுவும் வரவில்லை.

மருத்துவரிடம் கேட்டறிந்த சிலவற்றை நம் குடும்பங்களுக்காகக் குறிக்கின்றோம்.

முதல் இரு வாரங்களில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். 25 வயதுக்குட்பட்டவர்கள் தொடங்கும்போது தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று வீட்டார் நெருங்கிக் கவனிக்க வேண்டும். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபன் போன்ற மாத்திரை உண்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும்.

நலமடைந்ததும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. தலைச்சுற்றலும் உடலில் மின் அதிர்வு போன்ற உணர்வும் வரும். பல மாதங்கள் தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவ்வகை மாத்திரைகள் போதைப் பொருள்போல் மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை உண்டாக்குவதில்லை.

ரமலானில் நாளுக்கு ஒருவேளை மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ மாற்றிக்கொள்ள இயலும். அதையும் முன்கூட்டியே கேட்டுச் செய்ய வேண்டும். நோன்புக்காக மருந்தை விட்டுவிடுவது ஆபத்தானது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது. ஜெலட்டின் உறை குறித்துத் தயக்கம் உள்ளவர்கள் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். பல மருந்துகள் உறையில்லாத மாத்திரையாகவும் கிடைக்கின்றன.

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வை அனுபவிக்கிறார். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதே இல்லை. நம் பள்ளிவாசலின் ஒரு வரிசையில் 20 பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒருவர் நம் தோளுக்கு அருகிலேயே நிற்கக்கூடும்.

ஏர்வாடியை நம் சமுதாயம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். துஆவை நாடி அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். அங்கே மருந்து இல்லாமற்போனதும் சங்கிலி இருந்ததுமே குற்றம்; துஆவில் குற்றம் இல்லை. பின்னர் அதே ஏர்வாடியில் தர்காவை நாடி வருவோருக்கு மனநல மருத்துவமும் சேர்ந்து கிடைக்கும் ‘தவா–துஆ’ முறை வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்பதற்கு அது நம் கண்ணெதிரே உள்ள சான்று.

எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்பது நாம் நம்பும் செய்தி. அந்த நிவாரணம் சில நேரம் ஒரு காட்டு வேரில் இருக்கின்றது; அதைப் பிரித்தெடுக்க ஒரு சித்தீகியின் ஆய்வு மேசை வேண்டியிருக்கின்றது; அது வேலை செய்யும் விதத்தை அறிய ஓர் எலியின் உயிர் செலவாகின்றது. தேடுவது நம் கடமை. ஷிஃபா அவன் கையில்.

உங்கள் வீட்டில் யாரேனும் இரு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் சிரிப்பும் இழந்திருந்தால், அவர்களின் ஈமானை அளக்க முற்படாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். எந்நேரமும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தொடங்கிய மருந்தைப் பத்தாம் நாளில் விட்டுவிடாதிருக்கத் துணை நில்லுங்கள்.

யா அல்லாஹ், துயருற்ற உள்ளங்களுக்கு ஆறுதலையும், நோயுற்ற உடல்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.